மூன்று மணிக்குப் பள்ளி விடும், ஆறு மணிக்குத்தான் நாம் வருவோம்

வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். "பையன் செப்டம்பர்ல கிண்டர்கார்டன் போறான். எங்க ரெண்டு பேருக்கும் வேலை. ஸ்கூல்லயே நடத்துற ஆஃப்டர் கேர்ல போடலாமா, இப்பப் போற டேகேர்லயே தொடரலாமா? பக்கத்து பில்டிங்ல ஒரு அக்கா பாத்துக்கறேங்கறாங்க, அங்க விட்டுடலாமா?"

நான் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ட்வின் சிட்டீஸ் (மினியாபொலிஸ், செயின்ட் பால்) புறநகர் ஒன்றில். இரண்டு பிள்ளைகளை வைத்து இந்த மூன்றையும் பார்த்தாகிவிட்டது. அதனால் இங்கே எழுதுவது மினசோட்டாக் கணக்கு. டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ இருப்பவர்களுக்குத் தேதியும் சட்டமும் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் அவ்வளவாக மாறாது.

கேட்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது மாதக் கட்டணத்தை. "அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு, எது மலிவு?" கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் காலண்டரை எடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வருஷத்தில் வார நாட்கள் சுமார் 260. மினசோட்டாச் சட்டப்படி பள்ளி குறைந்தது 165 நாள் நடக்க வேண்டும். 170 நாள் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 90. ஆபீஸ் விடுமுறை ஒரு 10 நாளைக் கழித்தால், உங்களுக்கு வேலை உண்டு, பிள்ளைக்குப் பள்ளி இல்லை என்கிற நாட்கள் 80. அதில் அறுபதுக்குப் பக்கம் கோடை விடுமுறை. மீதி இருபது வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்: கிறிஸ்துமஸ் வாரம், ஸ்பிரிங் பிரேக், ஆசிரியர் பயிற்சி நாட்கள், அக்டோபர் மூன்றாவது வாரத்தில் மாநிலம் முழுக்க ஆசிரியர் சங்க மாநாட்டுக்காக விடும் வியாழன், வெள்ளி. அந்த இரண்டு நாளை இங்கே எல்லாரும் 'எம்இஏ' என்றுதான் சொல்வார்கள். புதிதாக வந்தவர்கள் முதல் வருஷம் அதில் கட்டாயம் மாட்டுவார்கள். நாங்களும் மாட்டினோம்.

கணவனும் மனைவியும் ஆளுக்கு 15 நாள் லீவை மாற்றி மாற்றிப் போட்டாலும் 30 நாள்தான் அடையும். அப்புறம் ஊருக்குப் போக லீவு இருக்காது. ஆக முதல் கேள்வி, அந்த 80 நாளில் எத்தனை நாளை இந்த ஏற்பாடு தாங்கும் என்பது.

இரண்டாவது, ஆட்கள். பிள்ளையை இப்போது பார்த்துக்கொள்பவர் ஜனவரியிலும் இருப்பாரா? மூன்றாவது, ஆறு மணி. டிராஃபிக்கில் மாட்டி 6:10 ஆனால் என்ன நடக்கும்? நான்காவது, கட்டிய பணத்தில் வரி வழியாக எவ்வளவு திரும்பும்? ஐந்தாவது, பிள்ளைக்கு அங்கே பிடிக்கிறதா? இதை ஐந்தாவதாகப் போட்டதற்கு என் மனைவி கோபித்துக்கொண்டாள். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை எந்த இடத்தையும் மூன்று வாரம் வெறுக்கும், நான்காவது வாரம் அங்கிருந்து கிளம்ப மறுக்கும். முதல் மாத அழுகையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதற்காகத்தான்.

## ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே நடத்துவது

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. அதில் 'கம்யூனிட்டி எஜுகேஷன்' என்று ஒரு துறை உண்டு. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது புதிய சொல்லாக இருக்கும். பள்ளிக் கட்டிடம் மூன்று மணிக்குமேல் பூட்டிக் கிடப்பானேன், ஊர் வரிப்பணத்தில் கட்டியதை ஊரே பயன்படுத்தட்டுமே என்ற எண்ணம்தான். 1930களில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் மாட் அறக்கட்டளை பணம் கொடுத்து இது சூடுபிடித்தது. மினசோட்டாவில் 1970களிலேயே மாநிலம் இதற்கு நிதி தரத் தொடங்கிவிட்டது. பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு, நீச்சல், மண்பாண்டம், கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கான ஈசிஎஃப்இ வகுப்பு எல்லாம் வீட்டுக்குத் தபாலில் வரும் அந்த ஒரே புத்தகத்தில் இருக்கும். பிள்ளைகளைக் காலையும் மாலையும் பார்த்துக்கொள்ளும் திட்டமும் அதே துறையில்தான்.

இதன் பெரிய பலம், பிள்ளை கட்டிடத்தை விட்டு வெளியே போக வேண்டாம். கடைசி மணி அடித்ததும் வகுப்பிலிருந்து ஜிம்முக்கு நடந்தால் போதும். வேன் இல்லை, ரோடு கடப்பது இல்லை. ஜனவரியில், வெளியே மைனஸ் இருபது இருக்கும்போது இதன் அருமை புரியும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். கட்டிடம் ஒன்று, நிர்வாகம் வேறு. கம்யூனிட்டி எஜுகேஷனுக்கு டிஸ்ட்ரிக்டில் தனிக் கணக்கு. மாலைத் திட்டம் பெரும்பாலும் நாம் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது. பிரின்சிபாலிடம் போய்ப் புகார் சொன்னால் அவர் புன்னகையோடு வேறு ஒரு போன் நம்பரைத் தருவார். பள்ளியில் சேர்த்ததால் இதில் சேர்ந்ததாக ஆகாது. பதிவு தனி, ஃபாரம் தனி. முக்கியமாக, பள்ளி நர்ஸ் சாயங்காலம் இருக்க மாட்டார். நிலக்கடலை ஒவ்வாமை இருக்கும் பிள்ளைக்கு எபிபென் (அவசர ஊசி மருந்து) ஒன்று நர்ஸ் அறையில் இருந்தால் போதாது, மாலைத் திட்டத்துக்கு இன்னொன்று கொடுக்க வேண்டும். நாங்கள் இதை அக்டோபரில்தான் கண்டுபிடித்தோம். ஆறு வாரம் என் பெண்ணின் மருந்து பூட்டிய அறைக்குள் இருந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

சரி, ஆட்கள். இந்த வேலையின் நேரத்தைப் பாருங்கள்: காலையில் ஆறரையிலிருந்து ஒன்பது வரை, பிறகு மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை. நடுவில் ஆறு மணி நேரம் சும்மா. இதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. அதனால் வருபவர்களில் பலர் காலேஜ் பிள்ளைகள், ஹைஸ்கூல் பிள்ளைகள். செமஸ்டர் மாறினால் ஆளும் மாறும். ஆள் கிடைக்காவிட்டால் டிஸ்ட்ரிக்ட் என்ன செய்யும்? இடங்களைக் குறைக்கும். வெயிட்லிஸ்ட் என்றால் அறையில் இடமில்லை என்று நினைக்கிறோம். பல சமயம் அறை இருக்கும், ஆள்தான் இருக்காது.

பதிவு செய்யுமுன் நான் ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: "இங்கே மாலையில் இருப்பவர்களில் எத்தனை பேர் பகலில் இதே பள்ளியில் பாரா (வகுப்பு உதவியாளர்) வேலை பார்க்கிறவர்கள்?" வகுப்பில் உதவியாளராக இருந்துவிட்டு அப்படியே மாலைத் திட்டத்துக்கும் வருபவர்களுக்கு நாள் முழுக்க வேலை, சலுகைகள் உண்டு. அவர்கள் சட்டென்று போக மாட்டார்கள், உங்கள் பிள்ளையையும் பகலிலேயே பார்த்திருப்பார்கள். அப்படி இரண்டு பேர் இருந்தால்கூட அந்த இடம் நிற்கும்.

இன்னொரு வழி கொஞ்சம் துப்பறியும் வேலை மாதிரி. ஸ்கூல் போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் பொதுவில் கிடைக்கும். விவாதம் இல்லாமல் மொத்தமாக ஒப்புதல் தரும் பகுதியில் ஊழியர் பட்டியல் ஒன்று இருக்கும்: புதிதாகச் சேர்ந்தவர், ராஜினாமா செய்தவர், லீவில் போனவர், எந்தப் பள்ளி, எந்தத் தேதி. நான்கைந்து மாதப் பட்டியலைப் புரட்டினால் போதும். உங்கள் பள்ளியின் மாலைத் திட்டப் பொறுப்பாளர் பதவிக்கு ஒரே வருஷத்தில் மூன்று பெயர் வந்திருந்தால், விளம்பரத்தில் எத்தனை சிரித்த முகம் இருந்தாலும் யோசியுங்கள். டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் "எங்கள் புதிய சைட் லீடை வரவேற்போம்" என்ற மின்னஞ்சலில் பழையவர் ஏன் போனார் என்பது இருக்காது.

மறைவான செலவு: பதிவுக் கட்டணம் தனி. முழுநாள் விடுமுறைக்கு (எம்இஏ, பயிற்சி நாள்) தனிப் பதிவு, தனிக் கட்டணம், சில வாரம் முன்பே கடைசித் தேதி. அட்டவணையை மாற்ற இரண்டு வாரம் முன்னறிவிப்பு. தாமதத்துக்கு நிமிஷக் கணக்கில் அபராதம். ஒரு நவம்பர் மாலை, முதல் பனி, ஹைவே முழுக்கச் சிவப்பு விளக்கு. நான் போய்ச் சேர்ந்தது 6:14. ஜிம்மில் பாதி லைட் அணைந்திருந்தது. கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு என் பெண் தன் பையின்மேலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், அவளும் கோட்டோடு, கார்ச் சாவி கையில். "பரவாயில்லை, ரோடு மோசம்" என்றாள். பரவாயில்லைதான், ஆனால் அபராதம் பில்லில் வந்தது. நியாயம்தான்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்நாக்ஸ் என்று தருவது சீஸ் துண்டு, பிஸ்கட், பழம். அதில் தொந்தரவு இல்லை. பிறந்தநாள், பண்டிகை என்றால் மார்ஷ்மெல்லோவும் கம்மி மிட்டாயும் வரும், அதில் ஜெலட்டின். ஃபாரத்தில் 'வெஜிடேரியன்' என்று எழுதினால் இறைச்சி தர மாட்டார்கள். ஜெலட்டினைத் தனியாக எழுத வேண்டும்.

யாருக்குச் சரி: இரண்டு பேருக்கும் ஆபீஸ் நேரம் ஓரளவு நிலையாக இருந்து, ஐந்தரைக்குள் வந்துவிட முடிகிறவர்களுக்கு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அத்தகைய பிள்ளைகளுக்கு மாலைத் திட்டத்தில் ஆகும் கூடுதல் செலவுக்கென்றே டிஸ்ட்ரிக்ட் வரி விதிக்க மாநிலச் சட்டத்தில் இடமிருக்கிறது.

## தனியார் டேகேர்

ஏற்கனவே போகிற இடம், ஆட்கள் தெரியும், வேன் வந்து பள்ளியிலிருந்து கூட்டிப் போகும். காலண்டர் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. எம்இஏ, பயிற்சி நாள், ஸ்பிரிங் பிரேக் எல்லாவற்றிலும் திறந்திருக்கும். கோடைக்குத் தனியாக ஓட வேண்டாம்.

ஆனால் வேன் எல்லாப் பள்ளிக்கும் போகாது. அதிலும் இங்கே பள்ளி பஸ்களை இரண்டு மூன்று சுற்று ஓட்டுவதற்காக, ஒரே டிஸ்ட்ரிக்டில் ஒரு பள்ளி 7:45க்குத் தொடங்கும், இன்னொன்று 9:15க்கு. டேகேர்காரர்கள் "அந்த நேரத்துக்கு வேன் இல்லை" என்று ஆகஸ்டில் சொல்வார்கள், நீங்கள் மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். பிள்ளை வராத நாளுக்கும் பணம் உண்டு. ஊருக்கு ஐந்து வாரம் போனால் இடத்தைத் தக்கவைக்கத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கலாம்.

உரிமம் பற்றியும் கேட்பார்கள். தனியார் மையத்துக்கு மாநில உரிமம் வேண்டும், பள்ளி வயதுப் பிள்ளைகள் 15 பேருக்கு ஒரு ஆள் என்று கணக்கு. டிஸ்ட்ரிக்டே நடத்தும் திட்டத்துக்கு அந்த உரிமம் தேவையில்லை, விதிகளை ஸ்கூல் போர்டு வகுக்கும். உரிமம் இல்லை என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் டிஸ்ட்ரிக்டில் எத்தனை பேருக்கு ஒருவர் என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு ஆயுள் குறைவு. கிண்டர்கார்டனில் நன்றாக இருக்கும். மூன்றாம் வகுப்பில், சுற்றிலும் டயப்பர் பிள்ளைகள் இருக்க, என் பையன் "நான் பேபி ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்றான். அவனுடைய நண்பர்கள் எல்லாரும் பள்ளி ஜிம்மில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

யாருக்குச் சரி: வேலை நேரம் நிச்சயமில்லாதவர்களுக்கு, ஒரு கைக்குழந்தையும் அதே மையத்தில் இருப்பவர்களுக்கு.

## அக்கா வீடு

நம் ஆட்கள் இதைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை, ஆனால் பாதிப் பேர் இதில்தான் இருக்கிறார்கள். அபார்ட்மெண்டில் ஒரு அக்கா, நாலு பிள்ளைகள், பள்ளி விட்டு வந்ததும் சுடச்சுட ரசம் சாதம். என் பையனின் தமிழ் தேறியது சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளியாலா, அந்த அக்காவாலா என்று கேட்டால் அக்காவால் என்பேன். ஏழு மணிக்குப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார். லேசாகக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் கிடைக்கும். மற்ற இரண்டு இடத்திலும் "உடனே வந்து கூட்டிப் போங்கள்" என்ற போன்தான் கிடைக்கும்.

இதில் சங்கடமான பகுதி ஒன்று உண்டு. அவர் எந்த விசாவில் இருக்கிறார்? எச்4இல் (எச்1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான விசா) இருப்பவர் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பிள்ளை பார்த்துக்கொள்வதும் வேலைதான். 2015இலிருந்து எச்4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு, துணைவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், ஈஏடி கிடைக்கிறது, எல்லாருக்கும் அல்ல. "கையில கேஷா குடுத்துடுங்க" என்றால் ஆபத்து உங்களைவிட அவருக்குத்தான் அதிகம். அவருடைய குடும்பத்தின் கிரீன் கார்டு அதில் மாட்டக்கூடும். உதவி செய்கிறவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

உரிமமும் உண்டு. மினசோட்டாவில் ஒரே ஒரு வெளிக் குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டால் உரிமம் தேவையில்லை. இரண்டாவது குடும்பம் சேர்ந்ததும் கேள்வி எழும். உரிமம் வாங்கிய வீட்டு டேகேர் வழக்கமாகப் பத்துப் பிள்ளைகள் வரை வைத்துக்கொள்ளலாம், அதில் பள்ளி வயதுக்குக் கீழே ஆறு பேர்தான். ஈஏடியோ கிரீன் கார்டோ இருந்து, கவுண்டியில் போய் உரிமமும் எடுத்து நடத்தும் அக்காக்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் பள்ளி பஸ் ரூட்டில் கிடைத்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போடுங்கள்.

மற்றபடி பெரிய குறை ஒன்றுதான்: ஒரே ஆள். அவர் டிசம்பரில் ஊருக்குப் போனால் ஏற்பாடு முழுவதும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டியை வரவழைப்பதையும் சிலர் கேட்கிறார்கள். சுற்றுலா விசாவில் ஒரு முறைக்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுவார்கள். பிள்ளை வளர்க்க வருவதாக விமான நிலையத்தில் சொன்னால் தேவையில்லாத கேள்விகள் வரும். மருத்துவக் காப்பீடு வயதைப் பொறுத்து ஏறும். மே முதல் அக்டோபர் வரை வந்து கோடையை அடைத்துக் கொடுத்தால் அந்த 80 நாளில் 60 போய்விடும், பிள்ளைக்கும் கொண்டாட்டம். குளிர்காலத்தில் கூப்பிட்டு வீட்டுக்குள் அடைத்து வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

## சிக்கலான நாட்களில் யார் கைகொடுப்பார்கள்

இது என் அனுபவமும் நண்பர்கள் அனுபவமும் சேர்ந்தது. உங்கள் இடத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

| நாள் | டிஸ்ட்ரிக்ட் | தனியார் டேகேர் | அக்கா வீடு |
|---|---|---|---|
| எம்இஏ, பயிற்சி நாட்கள் | உண்டு. முன்பதிவு, கூடுதல் கட்டணம் | உண்டு | பெரும்பாலும் உண்டு |
| பனி, கடுங்குளிர் | பள்ளியோடு சேர்ந்து மூடலாம் | பல சமயம் திறந்திருக்கும் | நடந்து போகும் தூரம் என்றால் உண்டு |
| ஆகஸ்ட் கடைசி வாரம் | பெரும்பாலும் இல்லை | உண்டு, சிலர் ஓரிரு நாள் மூடுவார்கள் | அவர் ஊரில் இல்லாவிட்டால்தான் பிரச்சினை |
| லேசான காய்ச்சல் | இல்லை | இல்லை | அவர் மனசு |

பனி வரிசைக்கு ஒரு குறிப்பு. மினசோட்டாவில் பள்ளிகள் வருஷத்துக்கு 5 நாள் வரை வீட்டிலிருந்தே கணினியில் பாடம் நடத்திக்கொள்ளலாம். பள்ளிக் கணக்கில் அது வேலை நாள். உங்கள் கணக்கில், கிண்டர்கார்டன் பிள்ளை ஐபேடோடு உங்கள் மடியில் உட்காரும் நாள். 2019 ஜனவரி கடைசியில் மினியாபொலிஸில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட்டுக்குப் போனபோது பள்ளிகள் தொடர்ந்து மூடின. அன்றைக்கு எந்த ஏற்பாடும் யாருக்கும் உதவவில்லை, அதை விட்டுவிடலாம்.

## இப்போது பணம்

ஒரு கணக்குக்காக மாலைக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 170 நாளுக்கு 3,400. முழுநாள் 55 டாலர் என்று வைத்தால், சிதறிய 20 நாளுக்கு 1,100. கோடைக்கு 60 நாளும் எடுத்தால் 3,300. ஆக 'மாதம் 380' என்று நினைத்த டிஸ்ட்ரிக்ட் திட்டம் வருஷத்துக்கு 7,800 ஆகிறது. இப்போது டேகேரின் வருஷத் தொகையை அதன் பக்கத்தில் வையுங்கள். நினைத்த அளவு வித்தியாசம் இருக்காது.

ஆபீஸில் டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ (பிள்ளை பராமரிப்புச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இருந்தால் கட்டாயம் எடுங்கள். வரி பிடிக்காத பணம். 2025இல் குடும்பத்துக்கு 5,000 டாலர்தான், 2026 முதல் 7,500. பிள்ளைக்கு 13 வயது ஆகும்வரை செல்லும். பகல்நேரக் கோடை கேம்ப் செல்லும். இரவு தங்கும் கேம்ப் செல்லாது, டியூஷன் செல்லாது. பணம் வாங்குபவரின் வரி எண் வேண்டும். டிஸ்ட்ரிக்டும் டேகேரும் வருஷக் கடைசியில் அச்சிட்டே கொடுத்துவிடும். அக்காவிடம் அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் மேலே சொன்ன விசா விஷயம் வெளியே வரும். மலிவாகத் தெரிந்த ஏற்பாடு, இந்த வரிச் சலுகை போனதும் அவ்வளவு மலிவாக இருக்காது.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது கலவைதான்: பள்ளி நாட்களில் டிஸ்ட்ரிக்ட், கோடையில் ஆறு வாரம் அதன் கேம்ப், மீதிக்குத் தாத்தா பாட்டி. பதிவு திறக்கும் காலை மடிக்கணினியில் ஒருவர், போனில் ஒருவர் என்று தட்கல் டிக்கெட் எடுப்பதுபோல் உட்கார்ந்துதான் இடம் பிடித்தோம்.

அப்புறம் அந்த ஆகஸ்ட் கடைசி வாரம். கோடைத் திட்டம் முடிந்திருக்கும், ஊழியர்களுக்குப் பயிற்சி நடக்கும், ஜிம் தரைக்கு மெழுகு பூசிக்கொண்டிருப்பார்கள், பள்ளி வழக்கமாக லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கள்) அப்புறம்தான் திறக்கும். இத்தனை வருஷத்தில் அதற்கு மட்டும் எனக்கு வழி கிடைக்கவில்லை. இந்த வருஷமும் ஜனவரியிலேயே அந்த ஐந்து நாளுக்கு லீவு போட்டுவிட்டேன்.